தொழில்முனைவர்: ஓர் இடைவெளி செய்த குழப்பம்

மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள எங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில், அறிவியலில் முதுகலை பயிலும் மாணவர்களைச் சொந்தத் தொழிலுக்குப் பழக்கும் பட்டறை ஒன்றின் பதாகையில் ‘தொழில் முனைவர் பயிற்சி’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்த தோட்டத்து அக்கா ஒருவர், “தொழிலுக்கும் பிஎச்டி குடுக்குறாங்களா, தம்பி?” என்று கேட்டார். அவர் படித்ததில் பிழையில்லை. நடுவே விட்ட இடைவெளிதான் பிழை.

முனைதல் என்றால் ஊக்கத்துடன் ஒன்றில் இறங்குதல். தொழிலில் அவ்வாறு இறங்குபவர் தொழில்முனைவர். பட்டத்தைக் குறிக்கும் ‘முனைவர்’ என்பதிலோ பழைய வழக்கு ஒன்று ஒலிக்கிறது: தொல்காப்பிய மரபியல், முதல்நூலைக் கண்டவனை ‘விளங்கிய அறிவின் முனைவன்’ என்கிறது, அங்கே முனைவன் என்பதற்கு முதல்வன் என்று பொருள்.

தொழில்முனைவருக்கு ஆங்கிலத்தார் வழங்கும் ‘ஆந்த்ரப்ரனர்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘மேற்கொள்பவர்’ என்பது அதன் வேர்ப்பொருள். 1755-இல் வெளிவந்த ரிச்சர்டு காந்தியோனின் பொருளியல் நூல், தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலை போகும் என்று தெரியாமலே விற்க முற்படுபவரை இச்சொல்லால் சுட்டியது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே, மலாயாவில் முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டபோது, செலவு கண்முன் இருந்தது, வரவு இருளில் இருந்தது. காந்தியோனின் வரையறைக்கு இதைவிடப் பக்கத்துச் சான்று எனக்குத் தெரியாது.

மலாயில் ‘உசஹாவான்’. இதிலுள்ள ‘உசஹா’வும் நம் ‘உற்சாகமும்’ ‘உத்ஸாஹ’ என்னும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனின் பாரத்தை நிரப்பும் நம்மவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்களோ!

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய ஐ-கோர்ப்ஸ் திட்டத்தில், ஆய்வு மாணவர் பெரும்பாலும் குழுவின் தொழில்முனைவுத் தலைவராக நிற்கிறார். சில வாரங்களுக்குள் தம் கண்டுபிடிப்பை வாங்கக்கூடியவர்கள் 100 பேரிடமாவது பேச வேண்டும். அறிவியல் மாணவரை ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்குள் இழுக்கும் இத்தகைய பயிற்சியில்தான் முனைவரும் தொழில்முனைவரும் ஒரே ஆளாகிறார்கள். செம்பனை மட்டையிலிருந்து பலகை செய்யும் வழியை ஆராயும் மாணவி, ஆய்வேட்டை எழுதி முடிக்குமுன் தச்சுப்பட்டறைக்காரரிடம் விலை பேசியிருப்பார்.

ஆகவே ஒருவரைத் ‘தொழில்முனைவர்’ என்றும், பலரைத் ‘தொழில்முனைவோர்’ என்றும், அவர்கள் செய்வதைத் ‘தொழில்முனைவு’ என்றும், இடைவெளியின்றிச் சேர்த்தே எழுதலாம். ‘தொழிலதிபர்’ என்பது வளர்ந்து நிலைத்த நிறுவனத்தின் உரிமையாளருக்கு உரியது. ஆய்வுக்கூடத்து மேலங்கியை இன்னும் கழற்றாத மாணவியை அப்படி அழைத்தால் கேலி செய்வதாகத்தான் படும்.