கூட்டல் சரி, கணக்கு தப்பு: சிஆர்எம் ரிப்போர்ட் எங்கே வழுக்குகிறது?

‘ஒரே மாதம், ஒரே சிஆர்எம். ஆனால் இரண்டு டேஷ்போர்டில் இரண்டு விற்பனைத் தொகை வருகிறதே, எது பொய்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சிஆர்எம் என்பது வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்; டேஷ்போர்டு அதன் எண்களைத் தொகுத்துக் காட்டும் திரை. பெரும்பாலும் இரண்டும் பொய்யில்லை; இரண்டும் வேறு வேறு பொருளை எண்ணுகின்றன. எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? ஒரு டீலையா (ஒரு விற்பனை பேரம்), ஒரு காண்டாக்டையா (வாடிக்கையாளர் தரப்பில் நாம் பேசும் ஆள்), ஒரு போன் அழைப்பையா?

சில்லறைக் காரணங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒன்று டீல் உருவான தேதியை வைத்தும் மற்றது முடிந்த தேதியை வைத்தும் மாதத்தைப் பிரித்திருக்கும். ஒன்றில் ‘என் டீல்கள் மட்டும்’ என்ற பில்டர் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பிரபல சிஆர்எம்மில் டேஷ்போர்டு யாருடைய அனுமதியில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தும் எண் மாறும். இவை எதுவும் இல்லையென்றால் சங்கதி ஆழத்தில் இருக்கிறது. சுவாரசியமும் அங்கேதான்.

சிஆர்எம் தகவலை ஒரே நீளப் பட்டியலாக வைத்துக்கொள்வதில்லை. 1970இல் கணினி விஞ்ஞானி எட்கர் காட் முன்வைத்த யோசனையின் வழியில், டீலுக்கு ஓர் அட்டவணை, காண்டாக்டுக்கு ஓர் அட்டவணை, நடுவே ஐடியால் (ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒரு முடிச்சு. ‘டீல்களையும் அவற்றின் காண்டாக்டுகளையும் காட்டு’ என்றால், முடிச்சைப் பிடித்து இரண்டையும் ஒட்ட வைக்கிறது. இதற்குப் பெயர் ஜாயின்.

மூன்று டீல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 5,00,000, அதில் 3 காண்டாக்டுகள். இரண்டாவது 2,00,000, ஒரே ஒருவர். மூன்றாவது 10,00,000; காண்டாக்ட் இன்னும் சேர்க்கவில்லை. உண்மையான மொத்தம் 17,00,000. ஜாயின் செய்ததும் முதல் டீல் மூன்று வரிசையாகப் பெருகுகிறது. ஒவ்வொன்றிலும் 5,00,000 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது ஒரு வரிசை. மூன்றாவதற்கு ஜோடி இல்லை, அதனால் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. 15,00,000 + 2,00,000. மொத்தம்? அதே 17,00,000!

இருப்பதிலேயே பெரிய டீல் பட்டியலில் இல்லை, இன்னொன்று மூன்று முறை கூட்டப்பட்டிருக்கிறது, அடியில் உள்ள எண் மட்டும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது! சராசரியைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். 3 டீலுக்குச் சுமார் 5,66,667 வர வேண்டும். ரிப்போர்ட் 4 வரிசையால் வகுத்து 4,25,000 என்கிறது. முதல் டீலில் பதிவான 4 அழைப்புகளையும் இதே ஜாயினில் இழுத்துப் போட்டால் 3 × 4, அதாவது 12 வரிசை. 5 லட்சம் 60 லட்சமாகிவிடும்.

சில சிஆர்எம்கள் தம் சொந்த ரிப்போர்ட்டுக்குள் ஒரு டீலை ஒரு முறை மட்டுமே கூட்டும்படி பார்த்துக்கொள்கின்றன. எக்செலுக்கு ஏற்றுமதி செய்த நொடியில் அந்தக் காவல் போய்விடும். அங்கே பலர் செய்யும் வைத்தியம், தொகைப் பத்தியில் இரட்டிப்பை நீக்குவது. நோயைவிட மோசமான மருந்து: தற்செயலாக ஒரே தொகையுள்ள இரண்டு தனி டீல்களில் ஒன்று பலியாகும். நீக்குவதானால் டீல் ஐடியை வைத்தே நீக்க வேண்டும். காண்டாக்ட் வரிசைகளும் தேவையென்றால் பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, தொகையை அந்த ஐடி எத்தனை முறை வருகிறதோ அந்த எண்ணால் வகுக்கலாம், ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் எக்செல் சூத்திரமான கவுண்ட்இஃப் போதும். 5,00,000 மூன்றாகப் பிரிந்து, கூட்டினால் மறுபடி 5,00,000.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் ரிப்போர்ட்டில் வரும் 15 எழுத்து ஐடியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. கவுண்ட்இஃபுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டு டீல்கள் ஒன்றாகிவிடும் அபாயம் உண்டு. 18 எழுத்து ஐடியை எடுத்தால் தொல்லையில்லை. காணாமல் போன மூன்றாவது டீலை எந்தச் சூத்திரமும் மீட்காது. ரிப்போர்ட் வகையிலேயே ‘காண்டாக்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படம் வரைவது இதற்குப் பிறகுதான். கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் உள்ள இடத்தைக் கண் துல்லியமாக ஒப்பிடும் என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கில்லும் 1984இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். இருந்தும் வட்டப்படமும் ஸ்பீடோமீட்டர் முள்ளும் டேஷ்போர்டுகளை ஆள்கின்றன. முள் பச்சையில் நின்றால் விற்பனை நன்றாக நடக்கும் என்பது, நல்ல நேரம் பார்ப்பதற்குச் சற்றும் குறையாத நம்பிக்கை. அந்த முள்ளுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை காண்டாக்டுகளை ஒழுங்காகப் பதிய ஓர் ஆளுக்குக் கொடுத்திருந்தால் மூன்றாவது டீல் தொலைந்திருக்காது.

‘போன மாதம் இதே நாளில் கையில் எத்தனை டீல் இருந்தது?’ என்ற கேள்விக்கு மட்டும் இந்த ஜாயின் உதவாது. டீலின் நிலை மாறும்போது புது நிலை பழையதன் மேல் எழுதப்படுகிறது. சாதாரண ரிப்போர்ட் பார்ப்பது இன்றைய நிலையை மட்டுமே. வாரம் ஒரு முறை ஐடி, நிலை, தொகை, சேமித்த தேதி என்ற நான்கு பத்திகளை ஒரு தனி அட்டவணையில் தானாகச் சேமிக்கும்படி இன்றே அமைத்துவிட்டால், அடுத்த மாதம் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய சரியான பதில் இருக்கும்.