பூனை முடி விழுந்த கூண்டு

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தெருநாய் துரத்திய நாளிலிருந்து அவருடைய ஆறு வயது மகள் வெளியே ஓடிப்பிடித்து விளையாடப் போவதே இல்லையாம். வீட்டுக்குள் நாய் பொம்மை மரப்பாச்சியைத் துரத்துகிறது. மரப்பாச்சி கூடைக்குள் ஒளிகிறது. தினமும் அதே கதை, அதே முடிவு. பயம் விளையாட்டை இப்படியா மாற்றும் என்று கேட்கிறார்.

மாற்றும். ஆபத்தை உணர்ந்ததும் மூளையில் அச்சத்தைக் கிளப்பும் பகுதியான அமிக்டலா உசுப்ப, அட்ரினலின் சுரந்து உடல் ஓடத் தயாராவது பள்ளியில் படித்ததுதான். அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் குட்டி எலிகளின் விளையாட்டை ஆண்டுக்கணக்கில் கவனித்தவர். அவை நம் பிள்ளைகளைப் போலவே கட்டிப் புரளும். ஒன்று மற்றதை மல்லாக்கத் தள்ளி மேலே ஏறும். சற்று நேரத்தில் கீழே கிடந்தது மேலே வந்துவிடும். அந்தக் கூண்டில் அவர் கொஞ்சம் பூனை முடியைப் போட்டார். ஆய்வகத்தில் பிறந்த அந்த எலிகள் பூனையைக் கண்டதே இல்லை. ஆனாலும் ஆட்டம் சட்டென நின்றது. முடியை எடுத்த பிறகும் பல நாட்கள் பழைய ஆட்டம் திரும்பவில்லை.

முடி போய்விட்டது, கூண்டு போகவில்லையே! அச்சம் வந்த இடத்தையும் மூளை அச்சத்தோடு சேர்த்து முடிந்து வைத்துவிடுகிறது. இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் ‘அதே இடம்’ என்றால் போதும், அமிக்டலா விழித்துக்கொள்ளும். அந்தச் சிறுமிக்குத் தெருவே கூண்டு.

மரப்பாச்சி விளையாட்டுக்கும் முன்னுதாரணம் உண்டு. 1976-இல் கலிஃபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகள் கடத்தப்பட்டார்கள். தப்பி வந்தவர்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், நடந்ததையே அவர்கள் திரும்பத் திரும்ப, மகிழ்ச்சியில்லாமல் விளையாடியதைப் பதிவு செய்தார்.

பாட்டி மந்திரித்துத் தாயத்துக் கட்டச் சொல்கிறாராம். பாட்டியின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் தாயத்தை நம்பி நாட்களைக் கடத்துவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி. விண்வெளி ஆய்வைக் கொண்டாடும் இந்த நகரம், பிள்ளைகளின் விளையாட்டை ஆராயவும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

அம்மா, பொம்மை விளையாட்டைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், மரப்பாச்சிக்குத் துணையாக இன்னொரு பொம்மையை அனுப்பிப் பாருங்கள். வாரக்கணக்கில் முடிவு மாறாமல், தூக்கமும் கெட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாய் வராத மாலைகள் பல சேர்ந்தால்தான் பழைய நினைவின் மேல் புதியது படியும். கையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் வாசற்படி வரை போனால் போதும்.