விக்னெட்டிங்: கொடியாகப் பிறந்து இருளாக வளர்ந்த சொல்

தெளிந்த வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். நடுவில் வெளிர்நீலமும் நான்கு மூலையிலும் கருநீலமுமாக இருக்கும். குற்றம் வானத்தினுடையது அல்ல, லென்ஸினுடையது. படமெடுப்பவர்கள் ‘மூலை கறுக்குது’ என்பார்கள். கேமரா கையேடுகள் ‘விக்னெட்டிங்’ என்னும்.

இந்தச் சொல்லுக்கும் இருளுக்கும் பிறப்பில் ஒரு தொடர்பும் இல்லை. பிரெஞ்சில் ‘வின்யெத்’ என்றால் சின்னத் திராட்சைக் கொடி. பழைய புத்தகங்களில் பக்க ஓரங்களிலும் அத்தியாயத் தலைப்பிலும் கொடியும் இலையுமாக வரைந்த அலங்காரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு, சட்டம் ஏதுமின்றி ஓரங்கள் தாளோடு கரையும் சிறு படங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில் நீள்வட்டத் துளையிட்ட அட்டையை ஒளிக்கும் நெகட்டிவுக்கும் இடையே வைத்து அச்சிடுவார்கள். முகம் தெளிவாக நிற்கும்; தோளுக்குக் கீழே வெள்ளைத் தாளில் கரைந்துவிடும். அன்று ஓரம் வெளுத்ததைச் சொன்ன சொல்தான் இன்று ஓரம் கறுப்பதைச் சொல்கிறது! (இலக்கியத்தில் இதே சொல் சொற்சித்திரத்தைக் குறிக்கும். அது தனிக்கதை.)

இருள் எப்படி வருகிறது? லென்ஸின் முன்னால் ஃபில்டர்களை அடுக்கினாலோ, பொருந்தாத ஹூடை (வேண்டாத ஒளியைத் தடுக்கும் வளையம்) மாட்டினாலோ மூலை அப்பட்டமாக வெட்டுப்படும். கழற்றினால் தீர்ந்தது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறக்கும்போது வருவது வேறு வகை. சாய்வாக நுழையும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் குழலே மறைத்துவிடுகிறது. பின்னணி விளக்குகள் நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் பூனைக்கண் போலவும் தெரிவது இதனால்தான். துளையை இரண்டு ஸ்டாப் மூடினால் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாவது வகை மூடினாலும் போகாது. ஒளி சாயச் சாய அதன் வலு அந்தச் சாய்கோணத்தின் கொசைனின் நான்காம் அடுக்குப்படி குறையும். எளிய லென்ஸ் என்று வைத்துக் கணக்கிட்டால், 36×24 மி.மீ. சென்சாரில் 50 மி.மீ. லென்ஸுக்கு மூலைக்கு வரும் ஒளி நடுவில் விழுவதில் சுமார் 71 சதவீதம், 24 மி.மீ. லென்ஸுக்கு 30 சதவீதம்தான். லென்ஸ் வடிவமைப்பாளர்கள் இதைப் பலவகையில் தணிக்கிறார்கள். போதாக்குறைக்கு, டிஜிட்டல் சென்சாரின் பிக்சல்களும் சாய்ந்து வரும் ஒளியை முழுதாக வாங்கிக்கொள்வதில்லை.

திருத்தம் எளிது. அந்த லென்ஸின் புரொஃபைலை, அதாவது அதன் குறைகளை அளந்து வைத்த கோப்பை, தேர்ந்தால் மென்பொருள் ஓரங்களைத் தூக்கிவிடும். ஜேபெக் எடுத்தால் பல கேமராக்கள் தாங்களே செய்துவிடுகின்றன. புரொஃபைல் இல்லாத பழைய லென்ஸ் என்றால், சீராக ஒளி விழும் வெள்ளைப் பரப்பை அதே அப்பர்ச்சரில் ஒரு படம் எடுத்து, மற்றப் படங்களை மென்பொருளில் புள்ளிக்குப் புள்ளி அதனால் வகுத்துவிடலாம். வானியல் படமெடுப்பவர்களின் வழக்கம் இது. ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. இரண்டு ஸ்டாப் இருண்ட மூலையை நான்கு மடங்கு பெருக்கும்போது அங்குள்ள நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறை) கூடவே பெருகும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) 1600இல் எடுத்த படத்தின் மூலை 6400 போலத் தெரியும்.

இனித் தமிழ்ச்சொல். ‘ஓரமங்கல்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் ‘படம் மங்கலா இருக்கு’ என்றால் ஃபோகஸ் தவறியது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். ‘மூலையிருள்’ பேச்சுக்கு நெருக்கமானது. ஆனால் நடுவிலிருந்து விலக விலக இருள் எல்லாப் பக்கமும் வட்டமாகக் கூடுகிறது, மூலை தூரமாக இருப்பதால் அங்கே அதிகம் தெரிகிறது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது ‘விளிம்பிருள்’. விளிம்பு, இருள் இரண்டும் இடறாமல் புணர்கின்றன. ‘விளிம்பிருள் நீக்கம்’ என்று நீட்டவும் வருகிறது.

வேண்டுமென்றே செய்யும் அலங்காரத்துக்கு இது பொருந்தாது. அதை ‘ஓரக்கரைவு’ எனலாம். வெளுத்துக் கரைந்தாலும் கறுத்துக் கரைந்தாலும் சரியாக இருக்கும். லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருளிலேயே இரண்டும் வெவ்வேறு இடத்தில்தான் இருக்கின்றன. விளிம்பிருள் நீக்கம் லென்ஸ் திருத்தப் பகுதியில். அது முழுப்படத்தின் நடுவை வைத்துக் கணக்கிடும். ஓரக்கரைவு எஃபெக்ட்ஸ் பகுதியில். படத்தை வெட்டிய பிறகு எஞ்சும் சட்டத்தைப் பார்த்து அது தன் நடுவை மாற்றிக்கொள்ளும்.