சிவில் வழக்குக்கு ‘குடிமை’ எதற்கு?

‘நிர்வாக மற்றும் குடிமைச் சட்ட வழக்கறிஞர்’. இந்த மாதத்தில் மட்டும் நான்கு மொழிபெயர்ப்புகளில் இதைப் படித்துவிட்டேன். ஆங்கிலத்தின் ‘சிவில்’தான் இங்கே ‘குடிமை’ ஆகியிருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. ‘அவர் சிவில் பார்க்கிறார், இவர் ரிட் பார்க்கிறார்’ என்பார்கள். ரிட் என்பது அரசு அமைப்புகளின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றம் போன்றவற்றில் போடும் மனு. சிவில் என்பது எழுத்தில் உரிமையியல்.

லத்தீனில் ‘சிவிஸ்’ என்றால் குடிமகன். ரோமானியக் குடிமக்களுக்கே உரிய சட்டம் ‘யூஸ் சிவிலே’. அங்கிருந்து வந்ததுதான் சிவில். சரி, வேரைப் பார்த்தால் குடிமை பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. பாகப்பிரிவினை, கடன், ஒப்பந்தம், வழிப்பாதைத் தகராறு என்று ஆளுக்கு ஆள் உரிமை கேட்கும் வழக்குகளைத்தான் இன்று அது குறிக்கிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 9ஆம் பிரிவின் விளக்கத்தில், சொத்துரிமையோ பதவிக்கான உரிமையோ சர்ச்சைக்குள்ளானால் அது சிவில் தன்மையுள்ள வழக்கு என்கிறது. சட்டமே உரிமையைத்தான் கையில் எடுக்கிறது. இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் வேறு என்ன வேண்டும்?

‘குடிமை’க்கோ வேறு வேலைகள் இருக்கின்றன. குடிமைப் பணி, குடிமைப் பொருள் வழங்கல் இரண்டுமே அரசு சார்ந்தவை. அதனால் ‘குடிமைச் சட்டம்’ என்று படிப்பவருக்கு அரசு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அது நிர்வாகச் சட்டத்தின் பக்கம்! 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. திருக்குறளின் 96ஆம் அதிகாரமான ‘குடிமை’ நற்குடிப் பிறப்பின் இயல்பைப் பேசுகிறது. வழக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

ரிட் மனுவிலும் உரிமைதானே கேட்கிறோம் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான கேள்விதான். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் இடத்துக்குள் இரண்டடி தள்ளிச் சுவர் எழுப்பினால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவீர்கள். அதே வீட்டை இடிக்கச் சொல்லி மாநகராட்சி முறைதவறி உத்தரவிட்டால், பெரும்பாலும் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவீர்கள். அங்கே முதல் கேள்வி, அதிகாரி தன் அதிகாரத்தைச் சட்டப்படி செலுத்தினாரா என்பது. அதுதான் நிர்வாகச் சட்டம். அந்தச் சொல்லில் எனக்குக் குறையில்லை. ‘நிர்வாகம்’ வடசொல் என்று விலக்குபவர்கள் ‘ஆட்சித்துறைச் சட்டம்’ என்று எழுதட்டும், பொருள் கெடாது.

பொருளைக் கெடுப்பது ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச் சொல்லை ஒட்டும் பழக்கம். உள்நாட்டுப் போர், சட்டமறுப்பு இரண்டிலும் ஆங்கிலத்தில் ‘சிவில்’ இருக்கிறது. அவற்றைத் தமிழாக்கியவர்கள் குடிமையைத் தேடவில்லை, விஷயத்தைப் பார்த்தார்கள். இப்போதைய மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். சென்னை மாநகர உரிமையியல் நீதிமன்றத்தின் பெயரையாவது ஒருமுறை பார்த்திருக்கலாம்.

உரிமையியல் பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் சட்ட முறை முழுவதையுமே ஆங்கிலத்தில் ‘சிவில் லா’ என்பார்கள். அங்கே ‘ரோமானிய மரபுச் சட்டம்’ என்று எழுதலாம்.