அமைச்சர் 'எழுத்துப்பூர்வமாகப் பதிலளித்தார்' என்றால் என்ன பொருள்?

"மக்களவையில் உறுப்பினர் எழுப்பிய கேள்விக்கு மத்திய அமைச்சர் எழுத்துப்பூர்வமாகப் பதிலளித்தார்." கூட்டத்தொடர் நடக்கும்போது பத்திரிகையில் இந்த வரி இல்லாத நாள் அபூர்வம். நம்மில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் வரியும் இதுதான். ஆனால் அரசு வாயிலிருந்து ஒரு தகவலை எழுத்தில் வாங்க இதைவிட நல்ல வழி குறைவு என்பது என் கருத்து.

மக்களவை கூடும் நாளில் காலை 11 முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் அது பகல் 12 மணிக்கு. கேள்விகள் முக்கியமாக இரண்டு வகை. பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டது நட்சத்திரக் கேள்வி. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், உடனே துணைக்கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இவை 20 மட்டுமே. குறி இல்லாதவை 230 வரை போகும். இவற்றுக்குப் பதில் எழுத்தில் வரும், துணைக்கேள்வி கிடையாது. பத்திரிகையில் நாம் பார்க்கும் 'எழுத்துப்பூர்வ பதில்' பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

துணைக்கேள்விக்கு உள்ள பலம் தனி. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் போடப்பட்டது பற்றி 1957-ல் மக்களவையில் கேள்வி எழுந்தது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தியே விடாமல் துருவினார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இனி ஒரு பதில் தாளைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மேலே கேள்வி எண், பதில் தரும் தேதி. அடுத்து கேள்வி (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும். ஒரு சிறிய ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்க வேண்டும் என்பது பிரச்சினை என்று வையுங்கள். (அ) அப்படி ஒரு கோரிக்கை வந்ததா? (ஆ) வந்திருந்தால் அதன் விவரம் என்ன? (இ) எப்போது நிறைவேறும்? கீழே பதில். (அ)-வுக்கு 'இல்லை' என்று வந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் 'இக்கேள்வி எழவில்லை' என்று முடிந்துவிடும். ஆகவே முதல் பகுதியைக் கவனமாக எழுத வேண்டும். 'மனு வந்ததா' என்று மட்டும் கேட்காமல், எந்தத் தேதியில் யார் கொடுத்த மனு என்பதையும் சேர்த்தால் நழுவ இடம் குறையும். 'ரயில் நிறுத்தம் தருவது தொடர் நடவடிக்கை, இயக்க வசதியைப் பொறுத்தது' என்ற மாதிரி பதில் வந்தால் அரசு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

அதற்கு மாறாக, 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' போன்ற வாசகங்களைப் பார்த்தால் சோர்ந்துவிடாதீர்கள். தட்டிக்கழிப்பது போலத் தோன்றினாலும் இவை 'உறுதிமொழி' என்ற கணக்கில் சேரக்கூடியவை. சேர்ந்துவிட்டால் 3 மாதத்துக்குள் அரசு அதை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்களவையில் 1953 முதல் செயல்படுகிறது. அவகாசம் மேல் அவகாசம் வாங்கி இழுப்பதும் நடக்கிறது. ஆனாலும் அந்த வாக்கு பதிவேட்டில் நிற்கிறது.

பூஜ்ய நேரம் வேறு. நம் சட்டமன்றத்தில் நேரமில்லா நேரம் என்பார்களே, அதுதான். அவசரப் பிரச்சினையை எழுப்பலாம். அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொலைக்காட்சியில் வருவது இந்தப் பேச்சுதான் என்பதால், 'எம்.பி. பேசிவிட்டார்' என்று ஊரில் திருப்திப்பட்டுவிடுகிறோம். பேசியதோடு கேள்வியும் போட்டாரா என்று கேட்க வேண்டும். அதே பிரச்சினையை மக்களவை நடைமுறை விதிகளில் 377-வது விதியின் கீழ் எழுப்பினால் அமைச்சகத்திலிருந்து பின்னர் எழுத்தில் பதில் வரும்.

உங்கள் எம்.பி.யிடம் கேள்வி கொடுக்க நினைத்தால் சில எல்லைகள் உண்டு. கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். மத்திய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். உள்ளூர் காவல் நிலையம் பற்றி அங்கே கேட்க முடியாது, அது மாநில அரசின் வேலை. நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதும் கூடாது. பதில் வர வேண்டிய நாளுக்கு 15 முழு நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே அவர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஓர் உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 5 கேள்விதான், முன்னுரிமையும் குலுக்கலில் அமைகிறது. அதனால் ஒருமுறை வராவிட்டால் மறுபடி கொடுக்கச் சொல்லலாம்.

பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏறும். உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி வைத்துத் தேடலாம். கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருந்தால் 3 மாதம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி, உறுதிமொழி என்ன ஆயிற்று என்று எம்.பி. அலுவலகத்தில் கேளுங்கள்.