காற்று கூரையை அமுக்காது, பிடுங்கும்

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை டெக்கா சந்தைப் பக்கம் போனால் யாராவது ஒருவர் ஊரில் கட்டும் வீட்டை ஃபோனில் காட்டுவார். நான் இங்கே கட்டட எஞ்சினியர் என்பது தெரிந்தவர்கள் அவர்கள். போன மாதம் பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவர் காட்டினார். முகப்பில் கிரானைட், தேக்குக் கதவு, மொட்டை மாடியில் இரும்புக் கம்பம் நட்டு ஷீட் கூரை.

"ஷீட்டை எத்தனை கொக்கி பிடிச்சிருக்கு தம்பி?"

"அதை யாருண்ணே எண்ணுனா?"

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. சில வாரம் கழித்து லீவு போட்டுப் போனேன். ஒரு கொட்டகையில் ஷீட் ஒன்றுகூட இல்லை. கொக்கிகள் மட்டும் சட்டத்தில் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கொக்கியின் வாஷருக்கடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரத் துண்டு. கொக்கி விடவில்லை, ஷீட்தான் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. கொக்கி குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் தாங்க வேண்டிய பாரம் கூடும். அவ்வளவுதான் கணக்கு.

கூரை மேல் ஓடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. ஓரங்களிலும் முகட்டிலும் இழுப்பு மிக அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. காற்றடிக்கும் பக்கம் ஒரு கதவு உடைந்தால் உள்ளே புகுந்த காற்று பலூனை ஊதுவதுபோல் கூரையைக் கீழிருந்தும் தள்ளும். காற்று போக வழி வேண்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கூரை போனால் சுவருக்கு மேல்பிடிப்பும் போய்விடும், அடுத்து அது சாயும்.

இது நம்மூர்க் கொத்தனார் குறை மட்டுமல்ல. 1992 ஆகஸ்டில் ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ ஹரிக்கேன் அடித்தபோது, பறந்த கூரைப் பலகைகள் பலவற்றில் ஸ்டேப்பிள் பின் அடித்திருந்தார்கள். ஆனால் அது அடியிலிருந்த மரத்தில் இறங்கவே இல்லை, பக்கத்தில் வெறும் காற்றில் நின்றது. அதற்கப்புறம்தான் அங்கே கட்டட விதிகளை இறுக்கினார்கள்.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு இது கண்ணில் படாது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் சுழல்வது அபூர்வம். 2001 டிசம்பரில் வாமெய் என்ற புயல் உருவாகி ஜோகூரில் கரையேறியது விதிவிலக்கு. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் விடிகாலைச் சூறைக்காற்று ஜன்னலை அதிரவைக்கும், கான்கிரீட் வீட்டில் நாம் புரண்டு படுத்துக்கொள்வோம்.

சரி, தம்பியிடம் சொன்னது இதுதான். ஓர வரிசைகளில் கொக்கியை நெருக்கிப் போடச் சொல்லுங்கள், அகல வாஷரோடு. சட்டத்தைக் கம்பத்தோடும் கம்பத்தைக் கான்கிரீட்டோடும் போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும், நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் வீண். புயலின் கண் கடக்கும்போது எல்லாம் அடங்கிவிடும், அப்போது யாரும் வெளியே போகக்கூடாது. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

அவர் தலையாட்டிவிட்டு, "எங்க தென்னை முழுக்க கஜாவுல சாஞ்சுதுண்ணே. அப்புறந்தான் இங்க வந்தேன்" என்றார். வீட்டை ஆறு மாதத்தில் எழுப்பிவிடலாம். நட்ட தென்னம்பிள்ளை காய்க்கப் பல வருடம் ஆகும், அதுவரை குடும்பம் எதைத் தின்னும்? டெல்டாவில் அப்படி விழுந்த தோப்புகள் எத்தனையோ.

அன்றிரவே அப்பாவை மாடிக்கு ஏற்றியிருக்கிறார். மறுநாள் மெசேஜ் வந்தது: "ஓரத்துல ஷீட்டுக்கு மூணுதாண்ணே. ஒண்ணு ஆடுதாம்."