பாணை நிறுத்துவதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

"மூண்டு மாசமா பாண், ரொட்டி ஒண்டும் குடுக்கேல்ல டொக்டர், வயித்தால போறது நிண்டிட்டு" என்று, ஏழு வயது மகளைத் திருகோணமலைக்கு அழைத்து வந்த ஒரு தாய் சொன்னார். அவருடைய அக்கறையில் குறை காண முடியாது. ஆனால் சீலியாக் நோயா என்று அறிய நான் செய்ய விரும்பிய பரிசோதனையை நம்ப முடியாமற் செய்தவை அந்த மூன்று மாதங்களே.

இந்நோயில், கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிராக, மரபுவழியில் அதற்கு இடமுள்ள பிள்ளைகளின் உடல் கிளர்ந்தெழுந்து, உணவுச் சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் சடைமுளைகளைத் தேய்த்துவிடுகிறது. சோறு உண்ணும் நமக்கு இது வராது என்ற எண்ணம் இன்னும் உண்டு. சீனன்குடாவிலேயே பெரிய மா ஆலை இயங்கும் இந்த ஊரில், காலையில் பாண், மாலையில் பிஸ்கட், இரவில் கோதுமை மா ரொட்டி என வளரும் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊதிய வயிறும் ஓயாத வயிற்றோட்டமுமாக மெலிந்த குழந்தையையே பழைய பாடநூல்கள் காட்டின. இப்போது இரும்புச்சத்து மருந்துக்கும் மாறாத குருதிச்சோகை, வளராத உயரம், பிந்தும் பருவமடைதல், சில வேளை மலச்சிக்கல் மட்டுமே கூட அடையாளமாகின்றன. ஆகவே வயிற்றுப் பூச்சி மருந்தை மறுபடி கொடுப்பதற்கு முன், கிளினிக் கொப்பியில் வளர்ச்சிக் கோடு எங்கே சரியத் தொடங்கியது என்று பார்ப்பேன். கோதுமை உணவு தொடங்கியபின் சரிந்த கோடு பல நேரங்களில் வாய்ச்சொல்லை விடத் தெளிவாகப் பேசும்.

நோயை உறுதிசெய்யும் முறையும் பெரிதும் மாறியுள்ளது. 1969 இல் ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த நெறிப்படி ஒரு பிள்ளையின் குடலிலிருந்து மூன்று முறை திசு எடுக்க வேண்டியிருந்தது. 1990 இல் பெரும்பாலானோருக்கு அது ஒருமுறையாயிற்று. இந்நோயில் இரத்தத்தில் கூடும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ எதிர்ப்பொருள் இயல்பின் மேல் எல்லையைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறாக எடுத்த இரண்டாம் இரத்த மாதிரியில் இந்நோயைக் காட்டும் இன்னொன்றான எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் காணப்பட்டால், பயொப்சி என்னும் அந்தத் திசுப் பரிசோதனை இன்றியே முடிவுக்கு வரலாம் என்கிறது அவர்களின் 2020 நெறிமுறை. ஐஜிஏ என்பது எதிர்ப்பொருள்களில் ஒரு வகை; அதன் மொத்த அளவையும் உடன் பார்க்க வேண்டும். அது பிறவியிலேயே குறைந்த பிள்ளைக்கு நோய் இருந்தும் விடை "இல்லை" என்று வரக்கூடும்.

இவை அனைத்தும் பிள்ளை கோதுமை உண்ணும்போது மட்டுமே செல்லும்; நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கிவிடும். அந்தச் சிறுமிக்குப் பல வாரங்கள் மீண்டும் பாண் கொடுக்கச் சொன்னபோது தாயின் கண் கலங்கியது. எனக்கும் அது எளிதாயிருக்கவில்லை. பின்னர் எடுத்த இரத்தமும் திசுவும் சீலியாக் என்றே காட்டின. நெருங்கிய இரத்த உறவினருக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கோதுமையை நிறுத்தாமல் தம்பியையும் அடுத்த கிளினிக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.